சீயக்காய் தேய்த்துக் குளித்த துப்பாக்கி

நான் பட்டியல் போடாமல் கத்திரிக்காய்கூட வாங்கியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் ஒரு ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு முடிந்துபோனது.

அப்போது நான் சிட்னிக்கு வந்து இரண்டு வருடம். செவன் ஹில்ஸில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பொறியாளர் வேலை. (பம்பு ஒழுகுகிறதா என்று பார்க்கிற வேலை என்று அம்மா ஊரில் சொல்லிவைத்திருந்தாள். அதில் தவறொன்றும் இல்லை.) அடுத்த மேசையில் வசந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். கல்லூரி என்.சி.சி.யில் இரண்டு நாள் சுட்ட கதையை ஒரு மதியச் சாப்பாட்டில் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரமே என்னைக் கிளப்புக்கு அழைத்துப் போய்விட்டார். படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு காகிதத்தில் ஓட்டை போடுவது எனக்குப் பிடித்துப்போனது. பாதுகாப்பு வகுப்பு, உரிமம், சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி எல்லாம் வரிசையாக முடிந்து, சொந்தத் துப்பாக்கி வாங்கும் கட்டம் வந்தது.

புதிது வாங்க வசதியில்லை. என்னைப் போன்றவர்களுக்கென்றே, ஏதோ ஒரு நாட்டு ராணுவம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் விற்பனைக்கு வரும். இலக்கும் சுடலாம், வேட்டைக்கும் கொண்டுபோகலாம். நான்கு நாட்டுத் துப்பாக்கிகளை வைத்துப் பதினேழு கட்டங்களில் ஒரு பட்டியல் போட்டேன். முதலில் பிரிட்டிஷ் த்ரீ-நாட்-த்ரீ. படத்தைப் பார்த்ததும் அம்மா, நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் தூங்குகிறவர் கையில் இருக்குமே, அதுவா என்று வீடியோவில் கேட்டாள். அதேதான். ஆனால் இங்கே அதற்குத் தாத்தா காலத்து மரியாதை இருப்பதால் விலையும் மரியாதையாக இருந்தது. ஸ்வீடன்காரருடையது கடிகாரம் போலத் துல்லியம், நல்ல கடிகாரத்தின் விலை. ஸ்விஸ் துப்பாக்கிக்குக் குண்டு தேடி அலைய வேண்டும். மிஞ்சியது ரஷ்யா. என் தோள் உயரத்துக்கு நீளம், கழுதை மாதிரி உதைக்கும், ஆனால் மலிவு. விலைக்கு நாற்பது சதவீத மதிப்பெண் வைத்திருந்ததால் ரஷ்யா ஜெயித்தது. ராணுவம் பூசிய கிரீஸை யாரும் இதுவரை துடைக்கவேயில்லை என்று கடைக்காரர் எச்சரித்தார். அதை நான் ‘துரு இல்லை: பத்துக்குப் பத்து’ என்று பதிந்துகொண்டேன்.

இதற்கு நடுவே ஒரு வாய்ப்பு வந்தது. டப்போ பக்கம் ஒரு பண்ணையில் காட்டுப்பன்றிகள் பயிரை நாசம் செய்தன. கிளப்பிலிருந்து நான்கே பேரை அந்தப் பண்ணைக்காரர் அனுமதிப்பார். அடிபட்டு ஓடி எந்த மிருகமும் அவஸ்தைப்படக் கூடாது என்பதால், போகிற ஒவ்வொருவரும் சொந்தத் துப்பாக்கியால் ஐந்து குண்டு சுட்டு, மூன்றையாவது சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது இடத்துக்கு வசந்தி அக்காவின் கணவருடைய தம்பி குகன் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா சொந்தக் கொழுந்தனை ஒதுக்கிவிட்டு, “இவள் சுடுவாள், நான் பொறுப்பு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சோதனை அந்த ஞாயிற்றுக்கிழமை.

துப்பாக்கி கைக்கு வந்தபோது பலாப்பழம் அரிந்த கத்தி மாதிரி இருந்தது. இரும்புப் பகுதியை டர்பன்டைன் போட்டு இரண்டு மாலைகளில் சுத்தம் செய்துவிட்டேன். குழாயைத் தாங்கும் மரக்கட்டைதான் அடங்கவில்லை. எழுபது வருடம் கிரீஸைக் குடித்த மரம், துடைக்கத் துடைக்கக் கக்கியது. கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைக்கச் சொல்லி இணையத்தில் எழுதியிருந்தார்கள். சிட்னி ஜூலை வெயிலில் அப்பளம்கூடக் காயாது.

அதற்குள் அம்மா மூன்று மாத விசாவில் வந்து சேர்ந்திருந்தாள், விமான நிலையத்தில் முறையாக அறிவித்துக் கொண்டுவந்த இரண்டு கிலோ சீயக்காய்த் தூளோடு. சனிக்கிழமை காலை நான் கட்டையோடு போராடுவதைக் குளியலறை வாசலில் நின்று பார்த்தாள்.

“எண்ணெய்ப் பிசுக்குக்கு எதுக்குடி இவ்ளோ ஆராய்ச்சி? சீயக்காயைக் கரைச்சு ஊத்தினா போவுது.”

நான் பொறியாளர் இல்லையா, யோசித்தேன். சீயக்காய் இயற்கைச் சோப்பு. சோப்பு கொழுப்பை எடுக்கும். சரிதான் என்று தோன்றியது. மரம் தண்ணீர் குடித்தால் உப்பும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். அதற்கு என் பட்டியலில் கட்டம் இல்லை.

இரும்புப் பகுதியைப் பெட்டியில் பூட்டிவிட்டு வெறும் கட்டையைத் தொட்டியில் கிடத்தினோம். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். செவ்வாய், வெள்ளி பொம்பளைகள் குளிக்கிற நாள். புதன், சனி ஆம்பளைகளுக்கு. இது ஆண் சாதியா, பெண் சாதியா? சற்று யோசித்து, உதைக்கிறது என்கிறாயே, ஆம்பளைதான் என்று அவளே தீர்ப்பளித்தாள். பிறகு முக்காலி போட்டு உட்கார்ந்து, வெந்நீரை மொண்டு ஊற்றி, இரண்டு கையாலும் தேய்க்க ஆரம்பித்தாள். நடுவில், பழக்கதோஷத்தில், அந்தக் கட்டையைப் பார்த்துச் சொன்னாள்:

“கண்ணை மூடிக்கோ.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டை விட்டு வந்த இரண்டு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. குளித்த கட்டையைத் துவட்டி, ஹேர் டிரையர் காட்டி, கடைசியில் சாம்பிராணியும் போட்டாள். புகை எச்சரிக்கை மணி அலறியது. கட்டை தேன் நிறத்தில் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. (மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும்.) மாட்டும்போது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. பொருத்தம் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு. முதல் குண்டு வட்டத்தின் நடுவே. பின்னால் நின்ற அக்கா கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாவது வட்டத்தின் விளிம்பில். மூன்றாவது வட்டத்துக்கு வெளியே. உப்பிய மரம் குழாயை ஒரு பக்கமாக நெருக்கத் தொடங்கியிருந்தது. குழாய் சூடாகச் சூடாக, இடுக்கிலிருந்து பழுப்பாக ஏதோ நுரைத்துக்கொண்டு வந்தது. பதற்றத்தில் பாதுகாப்புக் கண்ணாடியைத் தூக்கி, அதே கையால் கண்ணைத் துடைத்தேன்.

சீயக்காய் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டைக்குச் சொன்னதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கலாம்.

விதிப்படி, குண்டு போடும் போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அழுதேன். வெள்ளைத்தாடி வைத்த மேற்பார்வையாளர் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டு, அந்த உதைக்குப் பெரிய பெரிய ஆண்களே அழுதிருக்கிறார்கள், வெட்கப்படாதே என்று ஆறுதல் சொன்னார். அக்கா குனிந்தார். மூக்கைச் சுருக்கினார்.

“அடியே, இது சீயக்காய் மணமெல்லோ? துவக்குக்குத் தோய வாத்தனியோ?” (துப்பாக்கிக்குத் தலைக்கு ஊற்றினாயா என்கிறார்.)

“அம்மாதான்க்கா,” என்றேன். (இருபத்தாறு வயதில்.)

“சரி, கதையை விடு. இன்னும் ரெண்டு கிடக்கு. கண்ணைக் கழுவிப்போட்டுச் சுடு.”

கழுவிவிட்டுச் சுட்டேன். ஒன்று பக்கத்துக்காரரின் இலக்கில் போய் உட்கார்ந்தது. ஐந்து குண்டு சுட்ட அந்தப் பெரியவர் தன் காகிதத்தில் ஆறு ஓட்டை பார்த்து, ஆறையும் கணக்கில் சேர்ப்பார்களா என்று ஆவலாக விசாரித்தார். மற்றொன்றை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

என் முன்னாலேயே அக்கா போனை எடுத்தார். “குகன், இடம் இருக்கு, நீ வா. ஓம், அவள் வரேல்லை. இல்லையில்லை, அவள் சுகமாத்தான் இருக்கிறாள். துவக்குக்குத்தான் தடிமன்.” (தடிமன் என்றால் சளி.) எனக்காகப் பொறுப்பேற்றவர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. திரும்பும் வழியில் பாதித் தூரம் ரேடியோச் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார். பிறகு காரை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, “ஈரத் தலையோட வெளிய கூட்டிட்டுப் போனா அப்படித்தான்” என்று முடித்துவிட்டாள்.

மரம் காய மூன்று வாரம் ஆனது. அடுத்த வருடம் அதே துப்பாக்கியால் தேறிப் பண்ணைக்கும் போய்வந்தேன். அம்மா ஊருக்குத் திரும்பி வெகுநாளாகிறது. இன்றும் பத்துப் பதினைந்து குண்டு சுட்டு மரம் சூடேறினால், லேசாக எங்கள் வீட்டுச் சனிக்கிழமைக் குளியலறை மணக்கும். அடுத்த குண்டைப் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா படுத்திருப்பேன்.

குகன் அந்தப் பயணத்தில்தான் தன் முதல் பன்றியைச் சுட்டார். எங்கள் கெல்லிவில் பகுதியில் யார் வீட்டு விசேஷமானாலும், “எனக்கு இடம் தந்தவா” என்று என்னைக் காட்டிக் கதையை முதலிலிருந்து தொடங்கிவிடுவார். நன்றிக்கடனாக என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வண்ணத்தாள் சுற்றி ஒரு பொட்டலம் கொண்டுவருகிறார். அதனால் சிட்னியில் இன்றுவரை நான் காசு கொடுத்துச் சீயக்காய் வாங்கியதில்லை.