பின்கால் இல்லாத நாற்காலி

ஒரு வீட்டுக்குள் படிப்பு முதன்முதலாக நுழையும்போது கொஞ்சம் திமிரும் இலவச இணைப்பாக வரும். எங்கள் வீட்டுக்கு வந்த இலவச இணைப்பு நான்.

சென்னையில் இன்டீரியர் டிசைன் படித்துக்கொண்டிருந்தேன். (அது என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அப்பா, "வூட்ல எத எங்க வைக்கணும்னு சொல்ற வேல" என்பார். "அத உங்க வூட்டம்மா சும்மாவே சொல்லுதே" என்பார்கள்.)

அந்த வருடம் அப்பா சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்றார். நெய்வேலியில் அது சின்னக் கல்யாணம். கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் மாலை போட்டு, வெடி வெடித்து, காரில் ஏற்றிக் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே ஷாமியானாவுக்குக் கீழே வாடகை ராஜா நாற்காலி காத்திருக்கும்: சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் தங்க நிறச் சிங்கத் தலைகள். மற்றவர்கள் அதில் உட்காரும்போதெல்லாம் கைதட்டி வந்தவர் அப்பா.

"எங்கப்பன் கூலிக்குப் போன வூட்டுங்க முன்னால நின்னுகினேதான் பேசுவாரு. நானு ஒரு நாளு சிங்கத்து மேல கைய வச்சி உக்காரணும்பா" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் பெருந்தன்மையோடு மறுத்தேன். அலங்காரம் அநாகரிகம் என்று ஆரம்பித்து, வீட்டுக்கூடத்திலேயே வகுப்பெடுத்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒருவர், சைக்கிள் ஹேண்டில்பாரை வளைக்க முடிகிறதே, நாற்காலியை ஏன் வளைக்கக் கூடாது என்று யோசித்தார். இன்னொருவர் கேஸ் பைப்புகளை இணைத்துப் பின்கால்களையே ஒழித்துவிட்டார். தரையில் கிடந்து, முன்னால் எழுந்து, இருக்கையாக மடங்கி, முதுகாக நிமிரும் ஒரே கோடு. உட்கார்ந்தால் காற்றில் மிதப்பது போலிருக்கும்!

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏன்டா, அந்த ஊர்ல ரெண்டு காலுக்கு அவ்ளோ பஞ்சமா?"

மேதைகளை முதலில் வீட்டார் புரிந்துகொள்வதில்லை. வெல்டிங் பட்டறையில் பைப்பை வளைத்தேன். பழைய இரும்புக் கடையில் தேய்ந்த கன்வேயர் பெல்ட் வாங்கி இருக்கையாகக் கட்டினேன். நிலக்கரி சுமந்த பெல்ட் அப்பாவைச் சுமக்கும்! (இதற்கு 'கான்செப்ட்' என்று பெயர்.)

மாலையும் கழுத்துமாகக் காரிலிருந்து இறங்கிய அப்பா, நாற்காலியைச் சுற்றிவந்தார்.

"தம்பி, பின்னால காலு?"

"கிடையாதுப்பா. அதுதான் டிசைன்."

என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். அதாவது, உட்கார்ந்தார் என்று நாங்கள் நினைத்தோம். பைப் லேசாகத் தாழ்ந்ததும் முறிகிறது என்று பயந்து, ஒரு விரல்கடை எழும்பி, அப்படியே தொடைபலத்தில் நின்றுவிட்டார். பேச்சாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்பாவின் முழங்கால்கள் நடுங்கின.

"பாரு, அழுவாம அடக்கிகினு இருக்காரு" என்றார் அவருடைய ஷிஃப்ட் கூட்டாளி ராமலிங்கம் மாமா. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அதிகாரி சால்வையோடு வந்தார். "நல்லா உக்காருங்க" என்று அன்பாகத் தோளை அழுத்தினார். நாற்காலி தாழ்ந்து, அப்பாவை மேலே தூக்கிவிட்டது. மரியாதைக்கு எழுகிறார் என்று நினைத்து, "பரவால்ல, உக்காருங்க" என்று மறுபடி அழுத்தினார். மறுபடி எழுந்தார்.

கூட்டத்திலிருந்து ராமலிங்கம் மாமா கத்தினார்: "சார், அவரு ரிட்டையர் ஆவ மாட்டேங்கறாரு! எக்ஸ்டென்ஷன் குடுத்துடுங்க!"

மூன்றாவது அழுத்தலில் அப்பாவின் தொடை பிடித்துக்கொண்டது. அதிகாரியின் சட்டையைப் பற்றினார். அடுத்த நொடி நாற்காலியில் அப்பாவும், அப்பா மடியில் அதிகாரியும், இருவர் மேலும் சால்வையும். நாற்காலியோடு சேர்ந்து இருவரும் மேலும் கீழும் ஆடினார்கள். பைப் முறியவில்லை. இரண்டு ஆள் எடையைத் தாங்கிய என் வடிவமைப்பைப் பாராட்டத்தான் அங்கே ஒருவருமில்லை.

கூட்டம் கலைந்ததும், அப்பாவின் தொடைக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன்: "ஏம்பா ஒழுங்கா உக்காரல?"

"முறிஞ்சிதுன்னா, படிச்ச புள்ள செஞ்சது முறிஞ்சிடுச்சின்னு பேசுவாங்களேப்பா. அதான் உக்காந்த மாதிரியே நின்னுகினு இருந்தேன்."

நான் அடுத்த தொடைக்கும் தைலத்தை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன்.

இன்றும் எங்கள் பிளாக்கில் யாராவது ரிட்டையரானால், நாற்காலி வாடகைக்குக் கொடுக்கும் முன் பந்தல்காரர் போனில் கேட்கும் முதல் கேள்வி: "வூட்ல படிச்ச புள்ள யாராச்சும் இருக்காங்களாங்க?"