நல்லூர்க் கொடியேற்றமும் என்ரை ஒட்சியேற்றமும்

நல்லூர் முருகன் கோயிலிலை கொடி ஏறின அண்டைக்குத்தான் எனக்குக் கொரோனா எண்டு சொன்னவங்கள். கொடி ஏறினால், திருவிழா முடியுமட்டும் எங்கடை நீர்வேலி வீட்டுச் சட்டியை மீன் எட்டியும் பாராது. எனக்கோ மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. நண்டு வாசத்துக்கு எழும்பாத மூக்கு உலகத்திலை இல்லை!

மனிசி மகாதேவியை மடக்க விஞ்ஞானம்தான் வழி. ஒரு டொக்டர்ரை வீடியோவைப் பாடமாக்கிக்கொண்டு, அடைச்ச அறைக்குள்ளை இருந்து தொடங்கினன்.

"இஞ்சரும், இந்தக் கிருமி பூந்தால் உடம்பிலை ஒட்சியேற்ற அழுத்தம் கூடுமாம். மூச்சுக்குள்ளை போற ஒட்சிசனிலை இருந்து வாற சாமான்கள் அளவுக்கு மிஞ்சி, எங்கடை உயிர்க்கலங்களையே அரிக்குமாம். தண்ணி இறைக்கிற மிசின் துருப்பிடிக்கிற மாதிரி."

"அதுக்கு?"

"துருவை மறிக்கச் செலனியம் வேணும். அது நண்டிலை கிடக்கு."

"நெல்லிக்காயிலையும் துருவை மறிக்கிற சத்துக் கிடக்கெல்லோ?"

"அது சின்னத் துருவுக்கு."

"கொடி ஏறியிருக்கு. மூக்கும் நாக்கும் செத்துக் கிடக்கிற மனிசனுக்கு நண்டு என்னத்துக்கு?"

அந்த இடத்திலைதான் என்ரை வாய் என்னைக் கெடுத்தது. "ஆர் சொன்னது? காலமையே எல்லாம் திரும்பி வந்திட்டுது! உம்மடை தாளிப்பு மணம் இஞ்சை வரைக்கும் அடிக்குது."

"உண்மையாவோ?" எண்டு கேட்டவள், குசினிப் பக்கம் ஓடினாள்.

மத்தியானம் கதவடியிலை ஒரு கோப்பை சோறு. மேலை தேங்காய்ப்பூப் போட்டுப் பிரட்டின வறை.

"நண்டோ? ஓடு எங்கையப்பா?"

"வருத்தக்காரன் ஓடு கடிச்சுக் கஷ்டப்படக் கூடாதெண்டு உரிச்சு வறுத்தனான்."

எனக்குக் கண் கலங்கிப் போச்சு. இப்பிடி ஒரு மனிசி ஆருக்குக் கிடைக்கும்! வாய்க்குள்ளை வைக்கோல் மாதிரித்தான் இருந்தது. எண்டாலும் விடுவனே?

"ஆகா! என்ன மணம், என்ன இனிப்பு! கலங்கண்ணி வலையிலை பட்ட நண்டெல்லே!"

"வாழைப்பூ," எண்டாள். "எங்கடை தோட்டத்து வாழைப்பூ. உப்பும் போடேல்லை."

கோப்பையைக் கீழை வைச்சிட்டன்.

"உங்களுக்கு மணம் திரும்புமட்டும் ஒரு நேரம்தான் சாப்பிடுறதெண்டு முருகனுக்கு நேர்ந்தனான். திரும்பிட்டுது எண்டு நீங்கள் சொன்ன சந்தோசத்திலை ரெண்டு இடியப்பம் திண்டிட்டன். பிறகுதான் யோசிச்சன், நான் இண்டைக்கு இன்னும் தாளிக்கவே இல்லையெண்டு." குரல் உடைஞ்சு போச்சு. "மூச்சு நிண்டிடுமோ எண்டு நான் இஞ்சை பயந்து சாகிறன். உங்களுக்கு நண்டு கேக்குது."

சீ, நானும் ஒரு மனிசனோ! கதவிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு நிண்டன். உள்ளுக்குள்ளை துருப்பிடிச்சது கலம் மட்டும் இல்லை.

"பிழைதானப்பா. உம்மடை நேர்த்தி என்னாலைதான் முறிஞ்சது. என்ன செய்யச் சொன்னாலும் செய்யிறன்."

அங்காலை மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டது. பிறகு குரல் நல்லாத் தெளிஞ்சிட்டுது.

"அப்ப முறிஞ்ச விரதத்தை இனி நீங்கள் பிடியுங்கோ. நான் சாப்பிடப் போறன்."