மூத்தவர் நாட்டு விளக்குச் சட்டம்

மூத்தவர் நாட்டில் எல்லாவற்றையும் முன்னோர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். அதனால் உயிரோடு இருப்பவர்களுக்கு யோசிக்கிற வேலை இல்லை. மண் சுமக்கிற வேலை மட்டும் மிச்சமிருந்தது.

ஒரு சித்திரையில் தொல்பெருமை அமைச்சர் பரமானந்த பூபதி முரசறைந்தார்: முன்னோர்கள் ஓட்டிய வானரதம் பெரிய கோயிலுக்குப் பின்னால் நூறடி ஆழத்தில் கிடக்கிறது, மூத்தவர் சாமியைக் கும்பிடுகிறவனே குடிமகன், குடிமகன் இதை நம்புவான்.

கிணறு வெட்டும் மொக்கையனை ஆட்களோடு கூட்டிவந்தார்கள்.

"பறக்குற வண்டி எதுக்கு சாமி மண்ணுக்குள்ள போச்சு?" என்று கேட்டான் மொக்கையன்.

"சற்று வேகமாக இறங்கிவிட்டது" என்றார் அமைச்சர்.

கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் இறங்குமுன், கூடையில் அகல்விளக்கை வைத்துக் கயிற்றில் அடிவரை விடுவார்கள். எரிந்தபடி இருந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, யாரும் இறங்குவதில்லை. கயிறு பிடிப்பது மொக்கையன் மனைவி ராக்காயி. அறுபதடி வெட்டியிருந்த ஒரு காலையில் விளக்கு அடியில் அணைந்தது.

"இன்னிக்கு ஒருத்தனும் எறங்காதீங்கடா" என்றாள்.

அமைச்சர் ஓடிவந்தார். "கோயில் நிலத்தில் விளக்கை அணைத்தது யார்?"

"கெட்ட காத்து சாமி."

"அது மூத்தவர் விடும் மூச்சு. அதையா கெட்டது என்கிறாய்?"

மாலைக்குள் சட்டம் வந்துவிட்டது: கிணற்றில் விளக்கு விடுவது தேசத்துரோகம். மறுநாள் விளக்கில்லாமல் இறங்கிய மொக்கையன் தம்பி இருளாண்டியைத் துணிமூட்டை மாதிரி மேலே இழுத்தார்கள். கண் திறக்க இரண்டு நாளானது. 'முன்னோரைத் தரிசித்துப் பரவசத்தில் மயங்கினார்' என்று அரசிதழ் எழுதியது.

"ஒரு எழவையும் பாக்கலண்ணே" என்றான் இருளாண்டி.

கல்விக்கழகத்தில் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தும் செங்கமலம் கிணற்றடிக்கு வந்து விசாரித்துப்போய் நான்கு பக்கம் எழுதினார். 'விளக்கைக் கொல்லும் காற்று ஆளையும் கொல்லும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அது கேட்பதில்லை. மூச்சு என்று நம்பச் சொல்கிறவர்கள் எல்லோரும் கிணற்றுக்கு மேலேதான் நிற்கிறார்கள்.'

கழகத்தின் நாற்பத்திரண்டு அறிஞர்களும் அவசரமாகக் கூடினார்கள்.

"அம்மையார் மூத்தவரை நம்புகிறீரா, இல்லையா?" என்றார் தலைவர்.

"இருளாண்டி நம்பினான் ஐயா. காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினான்."

வாக்கெடுப்பு நடந்தது. கெட்ட காற்று நாற்பத்தொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. செங்கமலம் சிறைக்குப் போனார்.

ஆனாலும் ஊரில் முணுமுணுப்பு அடங்கவில்லை. மொக்கையனும் இறங்க மறுத்தான். உடனே அமைச்சர் தானே முதலில் இறங்கி அடியில் தேங்காய் உடைப்பதாக அறிவித்தார். மேளதாளத்தோடு வந்து, பட்டு வேட்டியை இடுக்கிக்கொண்டு கூடையில் உட்கார்ந்தார். ஒருமுறை உள்ளே எட்டிப்பார்த்தார். பிறகு கயிறு பிடித்திருந்த ராக்காயியின் பக்கம் சாய்ந்தார்.

"தாயி, அந்த வெளக்கு இருக்கா?"

"அது தேசத்துரோகமாச்சே சாமி."

"மெதுவாப் பேசும்மா. யாருக்கும் தெரியாம ஒரு தடவ விட்டுப் பாரேன்."

வேறு கூடையில் வைத்து விட்டாள். ஐம்பதடிக்குள் அணைந்தது. அமைச்சர் கூடையை விட்டு எழுந்த வேகத்தில் தேங்காய் தானாகவே கீழே விழுந்து உடைந்தது.

"மூத்தவர் துயில்கிறார்! எழுப்பலாகாது!" என்று முழங்கினார். மக்கள் கைதட்டினார்கள்.

மறுவாரம் சட்டம் திருத்தப்பட்டது. விளக்கு விட்டுப் பார்க்கும் முறையை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முன்னோர்கள் கண்டுபிடித்திருந்தார்களாம். அந்தப் புனித விளக்கை அமைச்சர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இறங்கும்போது மட்டுமே ஏற்றலாம். முன்னோர்களின் அறிவைத் தன்னுடையதென்று எழுதிய குற்றத்துக்காகச் செங்கமலத்துக்கு மேலும் ஏழாண்டுகள் கிடைத்தன. அவருடைய நான்கு பக்கத்தில் கடைசி வரியை மட்டும் நீக்கிவிட்டு, 'மூத்தவர் அருளியது' என்று பள்ளிப் பாடமாக்கினார்கள்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். அதில் அழகாகச் சுடர்விடும் விளக்கு வரைந்திருந்தது.

ராக்காயி தினமும் காவலர்கள் பார்க்க அந்தப் பலகையைக் கிணற்றுக்குள் விடுகிறாள். பின்னாலேயே ஒரு மண்கூடையும் போகிறது. கூடைக்குள் என்ன என்று காவலர்கள் கேட்பதில்லை. அவர்களில் ஒருவனுடைய அண்ணனும் கிணறு வெட்டுகிறவன்தான்.

கூடை மேலே வந்ததும் அவள் அதற்குள் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "கயிறு நைஞ்சுபோச்சு சாமி. இன்னிக்கு வேலை இல்ல."

வானரதத்தை நெருங்கிவிட்டதாக ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வருகிறது. கிணறு இன்னும் அறுபதடியில்தான் இருக்கிறது. அரசாங்கக் கணக்குப்படி, சட்டம் வந்த நாளிலிருந்து அந்த நாட்டில் ஒரு விளக்கும் அணைந்ததில்லை.