ஹெல்மெட்டுக்குள் அஞ்சலாட்சி

கன்னியப்பன் ஹெல்மெட் வாங்கிவிட்டார். முருங்கப்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்க அன்றைக்கு இதே பேச்சு.

இதில் பேச என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். புதுச்சேரியில் ஹெல்மெட் தலைக்கு இல்லை. அது வண்டிக் கண்ணாடியில் தொங்கும். கடலூர் பக்கம் போகிறவர்கள் எல்லை வந்ததும் எடுத்து மாட்டுவார்கள். திரும்பி வரும்போது அதே எல்லையில் கழற்றி மறுபடி தொங்கவிடுவார்கள். இவர் என்னடாவென்றால் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் பால் வாங்கப் போனார். எதிர்வீட்டு செல்வாம்பாளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. யாரோ கன்னியப்பன் வண்டியைத் திருடிக்கொண்டு போகிறான் என்று அவர் மனைவி அஞ்சலாட்சியிடம் ஓடி வந்து சொன்னாள்.

அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே," என்றாள்.

புத்தி வரவில்லை. திட்டம்தான் வந்திருந்தது.

கன்னியப்பனுக்குப் பாத்திர வாடகைத் தொழில். அண்டா, தவலை, இட்லிக் கொப்பரை, தாம்பாளம், ஜமுக்காளம், எது வேண்டுமானாலும் கிடைக்கும். கடைக்கு மனைவி பெயர். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் 'அஞ்' என்று வெட்டியிருக்கும். பெயர் வெட்டாத பாத்திரம் கல்யாண வீட்டுக்குப் போனால் வேறு கடைப் பாத்திரத்தோடு கலந்து, அப்படியே காணாமல் போய்விடும். ஆனால் கன்னியப்பனுக்கு அந்த எழுத்துகூடத் தேவையில்லை. பந்தியில் எத்தனை தாம்பாளம் கிடந்தாலும் வாசலில் நின்றே தன்னுடையதைக் காட்டிவிடுவார். பெற்ற பிள்ளைகளைவிடப் பாத்திரத்தை நன்றாகத் தெரியும் என்று அஞ்சலாட்சி சொல்லுவாள். பொய்யில்லை.

இந்தத் தொழில் போனில்தான் ஓடுகிறது. கூப்பிட்ட உடனே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த ஆர்டர் தவளக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணனுக்குப் போய்விடும். அரிகிருஷ்ணன் குளிக்கும்போதுகூடப் போனை எடுப்பவர். பேசும்போது பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும் என்பார்கள்.

அதனால் கன்னியப்பன் மொபெட் ஓட்டிக்கொண்டே பேசுவார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு போவார். ஒருநாள் மரப்பாலம் சிக்னலில் போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் சரிதா அவரை நிறுத்தினார். கழுத்து சுளுக்கு என்றார் கன்னியப்பன். சுளுக்கு பேசுமா என்று அந்த அம்மா கேட்டார். அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை மாட்டினால் மூன்று மாதத்துக்கு லைசென்ஸை முடக்கிவிடுவேன், யாரிடம் சொல்லி வந்தாலும் நடக்காது என்று எச்சரித்து அனுப்பினார்.

ஆவணி முகூர்த்தம் பக்கத்தில் வந்துவிட்டது. லைசென்ஸ் போனால் மொபெட் மட்டும் இல்லை, பாத்திரம் ஏற்றுகிற குட்டியானை வண்டியையும் தொட முடியாது. அதை ஓட்ட அஞ்சலாட்சியின் தம்பி புருஷோத்தமன் வருவான். அவன் சும்மா கடைக்கு வந்தாலே கல்லாப்பெட்டி நாற்காலியில்தான் உட்காருவான். மூன்று மாதம் வண்டிச் சாவியையும் கொடுத்தால், அப்புறம் அவன் முதலாளி, கன்னியப்பன் உட்கார்ந்து கரண்டி தேய்க்க வேண்டியதுதான்.

அபராதம் கட்டி வந்த அன்றைக்கே அஞ்சலாட்சி தன் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் வண்டி ஓட்டும்போது போனைக் கையால் தொட மாட்டேன் என்றார். 'கையால்' என்பதை அவராகச் சேர்த்துக்கொண்டார்.

சத்தியம் செய்த கையோடு போய் ஹெல்மெட் வாங்கினார். ஒரு அளவு பெரியதாக. போனைக் காதோரம் மெத்தைக்குள் செருகினால் அப்படியே நின்றது. செல்போன் கடைக்காரரிடம் சொல்லி, அழைப்பு வந்தால் போன் தானே எடுத்துக்கொள்கிற மாதிரி மாற்றிக்கொண்டார். முதல் அழைப்பு காதுக்குள் நாதஸ்வரமாக அடித்ததில் அவர் ஒரு தள்ளுவண்டியில் இடிக்கப் பார்த்தார். உடனே ரிங்கை எடுத்துவிட்டு வெறும் அதிர்வு மட்டும் வைத்தார். லாரி சத்தத்தில் எதிராளி பேசுவது கேட்க ஸ்பீக்கரையும் போட்டுவைத்தார்.

அவ்வளவுதான். கையும் படவில்லை, கழுத்தும் சாயவில்லை. நேராக உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் வியாபாரம் பேசிக்கொண்டு போனார். ஹெல்மெட்டுக்குள் கத்துகிறவருக்குத் தான் எவ்வளவு கத்துகிறோம் என்று தெரியாது. அரியாங்குப்பம் பாலத்தில் ஒருநாள், "எத்தனை பேர் சாப்பிடுவாங்க?" என்று கத்தினார். பக்கத்து ஆட்டோவில் இருந்த அம்மா, "நாங்க ரெண்டு பேர்தான்" என்றார்.

அஞ்சலாட்சிக்கு முதலில் சந்தேகம் வந்தது எண்ணெயால். கன்னியப்பன் தலைக்குத் தேங்காய் எண்ணெயை வஞ்சனை இல்லாமல் வைப்பவர். ஒருநாள் மாலை அவள் அவருடைய போனை எடுத்தபோது கையில் நிற்காமல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். ஓரத்தில் ஒரு நரைமுடி, கொஞ்சம் குங்குமம். அந்தக் குங்குமம் அவள் ஹெல்மெட்டுக்கு வைத்தது.

போனைத் துடைத்துவைத்துவிட்டாள்.

மறுநாள் அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். பெரிய தவலைகள் எங்கே போயிருக்கின்றன என்று ஒரு கேள்வி. வண்டியிலா இருக்கிறீர்கள் என்று இன்னொரு கேள்வி. ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன் என்றார் கன்னியப்பன். சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு லாரி அலறிக்கொண்டு பிரேக் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்.

கன்னியப்பன் வண்டியை வளைத்து நேராக்கிக்கொண்டார். "ம், நீ சொல்லு, எந்தத் தவலை?" என்றார்.

வீட்டுக்கு வந்து பேசிக்கலாம் என்று அவள் சட்டென்று வைத்துவிட்டாள். லைன் சரியில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் மர்மமான சங்கதிகள் நடக்க ஆரம்பித்தன. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், தவளக்குப்பம் டீக்கடையில் போண்டா எப்படி இருந்தது என்று கேட்பாள். அவருக்குச் சர்க்கரை. போண்டாவுக்குத் தடை. இன்னொரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "என் தம்பிக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களாமே" என்றாள். அதை அவர் பந்தல்காரர் கோவிந்தராசுவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அதுவும் டீக்கடை பெஞ்சில், ரகசியமாக, ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

விஷயம் ரொம்பச் சாதாரணம். அஞ்சலாட்சி கூப்பிடுவாள், மெத்தைக்குள் அதிர்வது வெளியே தெரியாது, போன் தானே எடுத்துக்கொள்ளும். அவள் வாயைத் திறக்காமல் சோற்றை வடித்துக்கொண்டே கேட்பாள். ஆனால் கன்னியப்பனுக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய திட்டம் போட்ட மூளை அதோடு களைத்துவிட்டது. கோவிந்தராசுதான் போட்டுக்கொடுக்கிறான் என்று முடிவுகட்டி, இருபது வருஷப் பழக்கத்தை முறித்துக்கொண்டார். கோவிந்தராசு என்ன தப்பு செய்தேன் என்று கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். பாவம்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. கன்னியப்பன் ஒரு வளைகாப்பு ஆர்டர் பேசிக்கொண்டே வந்து, மரப்பாலம் சிக்னலுக்கு முன்னால் பேச்சை முடித்தார். சிக்னலில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். நிழலில் ஒரு மேஜை. மேஜைமேல் பெரிய தாம்பாளம் நிறைய லட்டு. ஹெல்மெட் போட்டு வருகிறவர்களுக்கு லட்டு என்று ஏற்பாடு. லட்டு குறையவே இல்லை.

சரிதா கை காட்டினார். கன்னியப்பன் வண்டியை ஓரம்கட்டினார்.

"நீங்க அந்தக் கழுத்துச் சுளுக்குதானே?"

"ஆமா மேடம். இப்ப சரியாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். ஹெல்மெட்டைக் கழட்டுங்க, லட்டு வாங்கிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

கழற்றினால் போன் நேராக லட்டுமேல் விழும். கன்னியப்பன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேண்டுதல், ஒரு மண்டலம் கழற்றக் கூடாது என்றார். எந்தச் சாமிக்கு ஹெல்மெட் வேண்டுதல் என்று சரிதா கேட்டார். உடனே, தலையில் கட்டி என்றார். அப்படியானால் கழற்றிக் காற்றாட விடுவதுதான் நல்லது என்றார் சரிதா. கடைசியாக, டை அடித்திருக்கிறேன், இன்னும் காயவில்லை என்றார். வாய் உளற உளறக் காதோரம் அதிர ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் ஆர்டர் கொடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். போன் தன் கடமையைச் செய்தது.

"ஏங்க," என்றது ஹெல்மெட்.

சிக்னலில் நின்ற பால்காரர் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் பலமாக இருமினார்.

"இருமறதை நிறுத்துங்க. பக்கத்துல யாரு, பொம்பளை குரல் கேக்குது?"

சரிதா அவர் தலையில் இருந்து ஹெல்மெட்டைத் தூக்கினார். போன் விழவில்லை, மெத்தைக்குள் அப்படியே நின்றது. ஹெல்மெட்டைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"டிராபிக் எஸ்.ஐ. சரிதா பேசறேன். நீங்க யாரு?"

"அந்தத் தலைக்காரரோட சம்சாரம், மேடம்."

"உங்க வீட்டுக்காரர் ஹெல்மெட்டுக்குள்ள போன் வெச்சுக்கிட்டு வர்றாரு. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

கன்னியப்பன் கண்ணுக்கு முன்னால் புருஷோத்தமன் குட்டியானையில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பித் தலை சீவினான்.

"வண்டி இப்ப ஓடுதா மேடம், நிக்குதா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"நிக்குது."

"ஓட்டும்போது பேசினதை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் இப்படி ஒரு வக்கீலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது.

"அப்ப லைசென்ஸ் அவர்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அஞ்சலாட்சி. "போனை நான் முடக்கிக்கறேன்."

"எத்தனை மாசத்துக்கு?"

"ஆயுசுக்கு."

சரிதா ஹெல்மெட்டைக் கன்னியப்பன் பக்கம் திருப்பினார். அவர் குனிந்து, இனிமேல் வண்டியில் பேச மாட்டேன் என்று ஹெல்மெட்டிடம் சொன்னார். கையாலா என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. கையாலும் பேச மாட்டேன், காதாலும் பேச மாட்டேன் என்றார். பச்சை விழுந்தும் ஒரு வண்டிகூட நகரவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை என்று தெரிந்ததாலோ என்னவோ, சரிதா லட்டும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். எண்ணெயைச் சொன்னாள், போண்டாவைச் சொன்னாள், தம்பி மண்டையைச் சொன்னாள். கோவிந்தராசுவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

கொஞ்சம் வீராப்பும் மிச்சம் இருந்தது. "தொழிலுக்காகத்தானே பண்ணேன் அஞ்சலை," என்றார். "எடுக்கலன்னா அரிகிருஷ்ணன் எடுத்துடறான்."

"அந்த லாரிக்காரன் வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியான்னு கேட்டானே."

கன்னியப்பன் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப வீட்டுல இருந்த என்கிட்டதான் நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க," என்றாள். "அவன் பிரேக் அடிச்சது கேட்டுச்சு. அப்புறம் உங்க சத்தமே இல்ல. நான் செத்துப் பொழைச்சேன். நீங்க எந்தத் தவலைன்னு கேக்குறீங்க."

அவள் குரல் இப்படி உடைந்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

தண்ணீரைக் குடித்துவிட்டு அஞ்சலாட்சி பழையபடி ஆகிவிட்டாள். கடை போன் இனிமேல் கடையிலேயே இருக்கும், நான் எடுப்பேன் என்றாள். அது உடனே அதிர்ந்தது. எடுத்தாள். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அண்டா கேட்டார்கள். அண்டாவோடு ஜமுக்காளத்தையும் கொப்பரையையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டு வைத்தாள். கன்னியப்பன் வண்டியில் எத்தனை வருஷம் கத்தியிருந்தாலும் அந்த ஜமுக்காளம் போயிருக்காது.

சரி, இதோடு முடிந்தது, லைசென்ஸும் தப்பியது என்று அவர் காலை நீட்டித் தூங்கினார். கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"ஏங்க, ஒரு நடை போயிட்டு வந்துடுங்க," என்றாள் அவள். "மரப்பாலம் சிக்னல்ல நம்ம தாம்பாளம் ஒண்ணு இருக்கு. லட்டு வெக்கணும்னு சரிதா மேடம் நேத்தே ஆள் அனுப்பி வாங்கிட்டுப் போனாங்க."

சிக்னலில் அந்தத் தாம்பாளம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. எந்தப் பந்தியிலும் தன் பாத்திரத்தை வாசலில் நின்றே காட்டுகிற மனுஷன், இன்றைக்கு லட்டைத்தான் பார்த்தார்.

"ஆள் வந்தப்போ அவங்ககிட்ட நீ போன்ல ஏதாச்சும் பேசினியா?"

"பேசாம? எத்தனை மணிக்குக் கூப்பிடணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்தார். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்தார். போன் செருகுகிற இடத்தில் மெத்தையை இழுத்துத் தைத்திருந்தது. திருப்பிப் பார்த்தார்.

விளிம்பில் 'அஞ்' என்று வெட்டியிருந்தது.