என் கல்யாணப் பேனரில் மிகை இல்லை

கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிற யாராவது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், தாலி ஏறுகிறவரை மாணவர்களுக்குச் சேதி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்ளவில்லை. நானே வகுப்பில் சொல்லித் தொலைத்தேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தமிழ் நடத்துகிறேன். (கௌரவம் பெயரிலேயே இருக்கிறது. சம்பளம் தனியாக, அதற்கு மனசு வரும்போது வரும்.) முதலாமாண்டுக்குச் செய்யுளும் கட்டுரையும் என் பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு வெறி. யார் மிகையாக எழுதினாலும் சிவப்பு மையால் வெட்டுவேன். நயம் பாராட்டச் சொன்னால் பிள்ளைகள் செய்யுளைப் படிக்காமலே, "கவிஞர் தேன் சொட்டச் சொட்டப் பாடியுள்ளார்" என்று ஆரம்பிப்பார்கள். "எங்க சொட்டுச்சு? எந்த வரியில? காட்டு" என்று தாளை மூஞ்சிக்கு நேரே நீட்டுவேன்.

கல்வராயன்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தான் கோவிந்தன். 'எங்கள் ஊர்' கட்டுரையில், "வானளாவிய மலைகளின் மடியில் சொர்க்கம் போல் விளங்குகிறது" என்று எழுதியிருந்தான்.

"சொர்க்கத்துக்கு பஸ்ஸு எத்தினி மணிக்குடா?"

"காலைல ஒண்ணு இருக்குது மேடம். வந்தா."

"அத எழுது."

எழுதினான். "எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ் உண்டு, வந்தால்." அந்த 'வந்தால்' என்ற ஒரு சொல்லுக்காக அவனை எழுந்து நிற்கவைத்து, வகுப்பையே கைதட்டச் சொன்னேன். அதோடு அந்த வகுப்பு கெட்டது. மொத்தப் பிள்ளைகளும் உண்மையைத் தவிர வேறெதையும் எழுத மாட்டோம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் பெருமையாக நடந்துகொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். தியாகதுருகத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டும் கடை வைத்திருந்த சரவணன். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் தாய்மாமன் அடித்துவிட்டார்: "பொண்ணு காலேஜ் புரொபசருங்க. பர்மனென்ட்டு. வூட்டுல சமையல் பூரா இதுதான். இதுக்கு வாயே கெடையாதுங்க, அதிர்ந்து பேசாது."

வகுப்பில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் தாளையே கிழித்திருப்பேன். அங்கே என் தொடையில் அம்மாவின் கிள்ளு இருந்தது. வாயில்லாத பெண்ணாகவே காபி கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

சேதி சொன்ன அன்றைக்கு வகுப்பில் திவ்யா எழுந்தாள். மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி மகள், எதிலும் முன்னால் நிற்கிறவள். "மேடம், உங்க கல்யாணத்துக்கு நாங்க பேனர் வெக்கிறோம்." எங்கள் பக்கம் பேனர் இல்லாத கல்யாணத்தைக் கல்யாணத்தில் சேர்ப்பதில்லை.

"வையுங்க. கலைமகளே, தமிழ்த்தாயேன்னு ஒரு வார்த்த இருந்துச்சு, இன்டர்னல் மார்க்குல கைய வெச்சிடுவேன். கண்ணால பாத்தது, காதால கேட்டது, அத மட்டும் எழுதுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த முட்டாளும் தனக்குக் குழி வெட்டியிருக்க மாட்டாள்.

வரவேற்பன்று மாலை, பியூட்டி பார்லரில் அடித்த ஸ்பிரேயில் தலையைத் திருப்ப முடியாமல் மண்டப வாசலில் இறங்கினேன். ஒரே கூட்டம். வாசலுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் நண்பர்கள் வைத்த பேனர். ஒரு சிங்கத்தின் மேல் சரவணன் கை வைத்துக்கொண்டு நின்றார். "துருகத்துச் சிங்கமே! இளம் தொழிலதிபரே!"

இந்தப் பக்கம் நான். எவனோ வகுப்பில் செல்போனில் எடுத்த படம். விரலை நீட்டிக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரிய யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். கீழே:

"எங்கள் தமிழ் மேடத்துக்குக் கல்யாணம். மேடத்துக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் டஸ்டர் பறக்கும். குறி தவறும். சமைக்கத் தெரியாது என்று அவரே வகுப்பில் சொன்னார். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சம்பளம்தான் லேட்டாக வரும். மேடம் லேட்டாக வந்ததே இல்லை. வாழ்க."

மாமியார் ஆகப்போகிறவர் அதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். சரவணனின் சித்தப்பா என் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாங்க இது? பொண்ணுக்கு வாயே இல்லன்னீங்க. போட்டோல வாய் மட்டும்தான தெரியுது?"

"அது வேண்டாதவங்க செஞ்ச வேலங்க! பூரா பொய்யி! டேய், அவுத்துப் போடுங்கடா அத!"

"பர்மனென்ட்டுன்னீங்களே, அது?"

"அது... ஆயிக்கினே இருக்குதுங்க."

மாப்பிள்ளை வீட்டார் சிலர் வேனைப் பார்த்துத் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். 'பொய்யென்று சொல்லிவிடு' என்கிற பார்வை. சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்குள் கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புதுச்சட்டை, கண்ணில் தண்ணீர்.

"மேடம், எதனா மிகையா எழுதிட்டமா?"

பின்னால் திவ்யாவும் மற்றவர்களும் மார்க்குக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்கள்.

எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

"எல்லாம் நெஜந்தான்!" என்று கத்தினேன். (மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.) "குறி தவறும்னு எழுதினது மட்டும் தப்பு. போன வாரம் எவன் மேலடா பட்டுச்சு?"

"எம்மேலதான் மேடம்."

"அப்புறம்?"

மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. மாப்பிள்ளை. கோட்டு சூட்டோடு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா இளிப்பு?" என்றார் அவர் அம்மா.

"அத படிச்சியே, இதயும் படிம்மா" என்று தன் பேனரைக் காட்டினார்.

மாமியார் கூட்டிக் கூட்டிப் படித்தார். "சிங்... கமே. தொழி... லதிபரே." சட்டென்று திரும்பினார்.

"எவண்டா தொழிலதிபரு? காலைல பத்து மணி வரைக்கும் தூங்கற இவனத் தண்ணி ஊத்தி எழுப்பி, நானுல்ல கடயத் தொறக்கச் சொல்லித் தொரத்திக்கினு கெடக்கறேன்!"

சித்தப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தார். பயனில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். என் அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வேன் பக்கம் போனவர்கள் என்ன சேதி என்று கேட்கத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களை மாமியாரே பந்தியில் உட்கார வைத்தார். மறுநாள் காலை தாலி ஏறியது.

கோவிந்தனுக்கு இன்டர்னலில் முழு மார்க் போட்டேன். வேறு வழியில்லை.

எனக்குச் சமையல் ஓரளவு வந்துவிட்டது. வேலை இன்றுவரை நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு என் மாமியார் கல்யாணப் பேச்சில் யாரையும் புகழவிடுவதில்லை. தரகர் வாயைத் திறந்தாலே, "அதெல்லாம் இருக்கட்டுங்க. அந்தப் பொண்ணோட சினேகிதிங்க பேனர் வெச்சா இன்னான்னு எழுதுவாங்க?" என்று கேட்கிறார்.

என் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் திருநாவலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மரியாதைக்கு, "பையன் எப்படிங்க?" என்று கேட்டார்கள். மாமியார் மூச்சுவிடாமல் சொன்னார்: "சோறு ஜாஸ்தி, வேல கம்மிங்க. செல்லு பாத்துக்கினே இருப்பான். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், குளிக்கவும் மாட்டான்." அவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். இன்னும் பதில் வரவில்லை.

கொழுந்தன் மாமியாரிடம் கோபப்படவில்லை. என்னோடுதான் பேசுவதில்லை.