ஆந்தைக் கோட்டைக்குப் பெயர்க்கல் வைத்த வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் பெயர்க்கல்லைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதியாக நித்திரை கொண்டது. இந்தப் பேருண்மையை மானிப்பாய்ப் பக்கத்துப் பனங்கூடல் ஒழுங்கை முன்னேற்றச் சங்கம் எப்போதோ உணர்ந்துவிட்டது. பாவம் தர்சிகா, அவளுக்குத்தான் பிந்தி விளங்கியது.

தர்சிகா கட்டடப் படம் கீறுகிறவள். வீடியோ கேம் ஒன்றில் வரும் ஆந்தைக் கோட்டையில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். அதன் வாசல் எந்நேரமும் திறந்திருக்கும். யாரும் உள்ளே போய் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம். அதைப் பிளாஸ்டிக் பொருத்துக் கட்டைகளால் கட்டுவதற்கு இரண்டு வருடம் கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து வரைந்தாள். இணையத்தில் பத்தாயிரம் பேர் ஆதரவு தந்தால், கட்டை செய்யும் வெளிநாட்டுக் கொம்பனி அதைப் பெட்டியில் போட்டு விற்க யோசிக்கும். மூவாயிரம் கட்டைக்கு மேல் போகக்கூடாது என்பது ஒரு நிபந்தனை.

ஆதரவு அறுநூறோடு நின்றுவிட்டது. ஆதரவு சேர்க்கும் தவணை முடிய இன்னும் ஒரு மாதம். சங்கத்துக்கோ ஒழுங்கையில் நாற்பது வீடும், வெளிநாடுகளில் பன்னிரண்டாயிரம் 'உறவுகளும்' இருந்தன. அவள் சங்கத்துக்குப் போனாள்.

கூட்டம் வாசிகசாலை விறாந்தையில் நடந்தது. சுவரில் பதினாலு பெயர்க்கற்கள். உள்ளே இருக்க வழியில்லை. கதவுப் பூட்டின் திறப்பு பொருளாளர் மார்க்கண்டுவிடம், மார்க்கண்டு நாலு வருடமாகக் கனடாவில். தலைவர் கேதீஸ்வரன் மாஸ்டர் பூட்டிய கதவில் சாய்ந்தபடி படத்தைப் 'பரிசீலித்தார்'.

"வடிவாயிருக்கு, பிள்ளை. பெயர்க்கல் எங்கை?"

"கேமிலை அப்பிடி ஒண்டும் இல்லை, சேர்."

"அப்ப ஆர் கட்டினது எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஒரு மந்திரவாதி கட்டினது, சேர்."

"அவர் எங்கடை சங்கத்திலை அங்கத்தவரோ?"

இல்லை என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நிர்வாகசபையின் பதினொரு பெயரும் பொறிக்க ஏகமனதாகத் தீர்மானமானது. ஓர் எழுத்துக்கு ஒன்பது கட்டை. மூவாயிரத்தைத் தாண்டாதிருக்கக் கோட்டையின் படிக்கட்டு போனது.

தங்கள் பெயர் இல்லையென்று லண்டன் கிளை கோபித்தது. புத்தக அலுமாரிகள் போயின. சுவிஸ் கிளைக்காக மேல்மாடி போனது. ஆந்தை அபசகுனம் என்றபடியால் அதைப் பறக்கவிட்டார்கள். "மதில் இல்லாமல் இவ்வளவு பேரையும் எங்கை பதிக்கிறது?" என்று செயலாளர் குணலட்சுமி நியாயமாகக் கேட்டார். மதில் எழும்பியது. திறந்த வாசலுக்குள் மாடு வரும் என்று ஒருவர் சொன்னதில், திறக்காத கேற்றும் வந்தது.

தர்சிகா மறுக்கத்தான் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பெயரின் இனசனமெல்லாம் ஆதரவு தந்தது. ஏழாயிரம், எட்டாயிரம் என்று ஏறுவதைப் பார்த்து, தன் கையாலேயே தன் கோட்டையை இடித்தாள். தவணைக்கு இரண்டு நாள் முந்திப் பத்தாயிரம் நிரம்பியது. விறாந்தையில் பாராட்டு விழா. அவளுக்கு ஒரு மாலை, மாஸ்டருக்கு மூன்று.

பிறகு கொம்பனியின் பதில் வந்தது. சபை அதே விறாந்தையில் கூடியது. தர்சிகா எழும்பி நின்று தமிழில் வாசித்தாள்:

"வருந்துகிறோம். நீங்கள் அனுப்பியது அந்தக் கேமில் வரும் கோட்டை அல்ல. வெளியே முழுக்கப் பெயர்கள். உள்ளே ஒன்றும் இல்லை. கதவும் திறக்காது. உண்மையான கட்டடம் ஒன்றைப் பார்த்துச் செய்தது போலத் தெரிவதால் இதை ஏற்க முடியாது."

மாஸ்டரின் முகம் வாடிவிட்டது.

"எந்தக் கட்டடம் எண்டு பேர் போடேல்லையோ?"

"இல்லை, சேர்."

"பேர் போடாமல் விட்டது பெரிய பிழை. கண்டனக் கடிதம் ஒண்டு எழுதுவம்."

"அவங்களிலை பிழையில்லை, சேர்," என்றாள் தர்சிகா. "நீங்கள் சாய்ஞ்சுகொண்டு நிக்கிற கதவை அவங்கள் காணேல்லைத்தானே."