வழியில் நாலு தீவு

"இன்னிக்கு நானும் உன்கூடக் கரியக்குவுக்கு வரேன். டிக்கெட் எடுத்தாச்சு" என்றாள் மனைவி இஸ்மே.

ஃபிட்ஸ்ராய் குடித்துக்கொண்டிருந்த கொக்கோ மூக்கில் ஏறியது.

கிரெனடாவிலிருந்து கரியக்குத் தீவு நாற்பது மைல். விமானத்தில் இருபதே நிமிடம். அங்குள்ள மீன் சந்தையின் ஐஸ் இயந்திரத்தைப் பழுது பார்க்க அவர் செவ்வாய்தோறும் போவார். ஒரு மணி நேர வேலை. மிச்சப் பொழுதெல்லாம் மரத்தடியில் டோமினோ ஆட்டம். வீட்டிலோ, "அந்த விமானம் நேராப் போகாது இஸ்மே. செயின்ட் வின்சென்ட், பெக்கியா, முஸ்டிக், கனுவான்னு நாலு தீவுல நின்னு நின்னு போகும். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம்" என்று ஆறு வருஷமாகப் புளுகி வைத்திருந்தார். குட்டு உடைந்தால் டோமினோவும் போச்சு, வீட்டு நிம்மதியும் போச்சு.

"சின்ன விமானம்டி, குடலைப் புரட்டும்."

"பரவாயில்லை."

"அப்போ இந்த மாத்திரையைப் போட்டுக்க. இறங்கற வரைக்கும் தூங்கிடலாம்."

"உனக்குத்தான் வேர்த்துக் கொட்டுது, நீ போடு" என்று அவர் வாயிலேயே திணித்துத் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள்.

விமான நிலையத்தில் அவருக்குக் கண் சொருகியது. தன் கன்னத்தில் தானே இரண்டு போட்டுக்கொண்டு விமானியை ஓரங்கட்டினார்.

"கேப்டன், கொஞ்சம் சுத்தி வளைச்சுப் போகக்கூடாதா?"

"எவ்வளவு?"

"ஒரு நாலு மணி நேரம்."

விமானி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எல்லோரும் ஏறியதும் குரலை உயர்த்தியே அறிவித்தார். "பறக்கும் நேரம் இருபது..."

ஃபிட்ஸ்ராய் குடலே வெளியே வருகிற மாதிரி இருமினார். இஸ்மே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"என்னவோ இருபதுன்னாரே?"

"வெளியே இருபது டிகிரியாம்."

"ஐயோ, குளிருமே!" என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பாவி விமானம் பத்தொன்பது நிமிடத்திலேயே இறங்கித் தொலைத்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"இது எந்தத் தீவு?"

"செயின்ட் வின்சென்ட்" என்று வாய் முந்திக்கொண்டது.

"அப்போ உக்காரு. நாம இறங்க வேண்டியது அஞ்சாவதுதானே?" அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, மடியில் ரொட்டியையும் கருவாட்டையும் பிரித்து வைத்தாள்.

"சும்மா கீழே இறங்கிக் காலை நீட்டிக்கலாமே?"

"நீட்டு, நீட்டு. விட்டுட்டுப் போயிடுவான்."

விமானம் காலியாகிவிட்டது. பத்து நிமிடத்தில் அது திரும்பக் கிரெனடாவுக்கே போகும். ஃபிட்ஸ்ராய்க்கு அழுகையே வந்துவிட்டது.

"இஸ்மே, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அப்போது பெட்டி இறக்குகிற ஆள் கதவு வழியாகத் தலையை நீட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"அட, இஸ்மே அக்கா! என்ன இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையே வந்துட்டீங்க? உங்க டோமினோ கோஷ்டி வழக்கம்போல வியாழக்கிழமைதானே கூடும்?"